எங்கள் சபையின் பிரான்ஸ் கிளை

1

போன ஞாயிற்றுக்கிழமை நான் போகும் சபைக்கு ஆண்டு விழா. பாரீசுக்கு வடக்கே புறநகர் ரயிலில் இறங்கி, அங்கிருந்து ஒரு பேருந்து பிடித்துப் போக வேண்டிய இடம். முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்ததாம். இப்போது ஆயிரம் பேருக்கு மேல் உட்காருகிறோம். 'கூடுகிறோம்' என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

விழாவில் ஒரு பெரிய திரையில் உலகப் படம் காட்டினார்கள். இந்தச் சபை எந்தெந்த நாட்டில் ஊழியத்துக்கு உதவுகிறதோ அங்கெல்லாம் ஒரு சின்ன வெளிச்சம் எரிந்தது. ஆப்பிரிக்காவில் பல வெளிச்சங்கள். கடைசியில் இந்தியாவுக்கு வந்தார்கள். ஒரு ஏரி, ஒரு மாட்டு வண்டி, வெறுங்காலோடு சிரிக்கும் பிள்ளைகள். "இந்த இருளில் உள்ள தேசத்துக்காக எழுந்து நின்று ஜெபிப்போம்" என்றார் போதகர். பக்கத்து நாற்காலியில் இருந்த மர்த்தினிக் தீவுக்கார அம்மாள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணுக்கு நான் அந்த மாட்டு வண்டியிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்தவனாகத் தெரிந்திருப்பேன். பாவம், நல்ல மனசு. கண்ணை மூடிக்கொண்டு என் தேசத்துக்காக உருகி ஜெபித்தாள்.

எனக்கு ஜெபம் வரவில்லை. புதுச்சேரியில், நெல்லித்தோப்பில், ஒரு தகரக் கொட்டகையில், வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானச் சோறு சாப்பிடாமல் இருளில் உள்ள பிரான்ஸ் தேசத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்த நாற்பது பேரை நினைத்தேன். அந்தக் கொட்டகை இன்று இல்லை. அது போனதில் எனக்குப் பங்கு உண்டு.

வெளிநாட்டில் இருப்பவன் ஊருக்கு எழுதினால் பனியைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எழுதுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் இதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

2

எங்கள் சபை ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்தது. மேலே தகரம், கீழே சிமெண்ட்டுத் தரை, தரையில் பாய். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் பிள்ளைகள். பாஸ்டர் ஐயா முன்பு மில்லில் வேலை பார்த்தவர். என் அப்பாவும் அதே மில்தான். மில் ஓட்டம் குறைந்தபோது அப்பா லாரி ஷெட்டுக்குப் போனார், ஐயா ஊழியத்துக்கு வந்தார். அப்பா கடைசிவரை சபைக்கு வரவில்லை. "அவன் நல்லவன்டா. ஆனா எனக்கு கைதட்டிப் பாட வராது" என்பார். அம்மாதான் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அந்தச் சபையிலும் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் எட்டாவது படிக்கும்போதே வேதம் வாசிக்க என்னை எழுப்பிவிட்டார்கள். பத்தாவதோடு நிறுத்தி ஒர்க் ஷாப்பில் சேர்க்க அப்பா யோசித்தபோது ஐயா வீட்டுக்கு வந்து, "இவன் படிக்கற வாய். இவன் கையில ஸ்பானர குடுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லூரிக்கு நான் போனது அந்த ஒரு பேச்சால்.

ஐயாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. சபை பெரிதாகக் கூடாது. கொட்டகை நிறைந்து வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தால் மற்றவர்கள் தகரத்தை நீட்டுவார்கள். ஐயா ஆளை அனுப்புவார். "வூடு ரொம்பிடுச்சின்னா புள்ளைங்கள கட்டிக் குடுத்து அனுப்பணும். மச்சு மேல மச்சு கட்டினா மூச்சு முட்டும்" என்பார். அப்படித்தான் வீராம்பட்டினத்திலிருந்து வந்துகொண்டிருந்த கிளியம்மா அக்காவையும் இன்னும் இரண்டு பெண்களையும் ஒரு நாள் முன்னால் கூப்பிட்டு, தலையில் கைவைத்து ஜெபித்து, "இனிமே இங்க வரக்கூடாது. உங்க ஊர்லயே கூடுங்க" என்று அனுப்பிவிட்டார். அக்கா அழுதாள். அடுத்த ஞாயிறு மீன் விற்று முடித்துவிட்டு, தன் வீட்டுக் கிணற்றடியில் அந்த இரண்டு பெண்களை உட்கார வைத்துப் பாடினாள். எங்கள் சபைக்கு முதல் கிளை.

நாற்பது பேருக்கு மேல் போனால் யார் வரவில்லை என்று தெரியாமல் போய்விடும் என்பது ஐயாவின் பயம். எங்கள் சபையில் ஒரு ஞாயிறு நீங்கள் வராவிட்டால், ஆராதனை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பேர் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். காய்ச்சலா, சண்டையா, சினிமாவா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கல்லூரி நாட்களில் எனக்கு அது பெரிய தொல்லை. ஒரு தடவை கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்துவிட்டார்கள். விரட்டவா முடியும்? அவர்களும் உட்கார்ந்து மிச்ச ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள்.

3

எனக்கு ஸ்டெல்லாவோடு கல்யாணம் நிச்சயமானது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். வீடே பிரெஞ்சுக் குடியுரிமை. 'நாசியோனாலித்தே' உள்ள பெண் கிடைத்துவிட்டாள் என்று எங்கள் தெருவில் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அவர்கள் பெரிய கோயில் கத்தோலிக்கர்கள், ஆர்கன் வாசிக்கும் கோயில். எங்கள் கொட்டகையைப் பார்த்துவிட்டு அவள் அக்கா, "மழை வந்தா பாஸ்டர் குரல் கேக்குமா?" என்று கேட்டாள். கேட்காதுதான். மழை விடும்வரை பாடுவோம்.

பயணத்துக்கு முந்தின ஞாயிறு ஐயா என்னை முன்னால் கூப்பிட்டார். வெளியூர் போகிறவர்களுக்கு ஜெபிப்பது வழக்கம்தான் என்று நானும் போய் முழங்கால் போட்டேன். தலையில் எண்ணெய் வைத்தார். எல்லோரும் வந்து கைவைத்தார்கள். கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் முதுகில் வைத்தார்கள். ஐயா சொன்னார்: "ஆண்டவரே, பிரான்சுக்கு நாங்க அனுப்பற முதல் ஊழியக்காரன் இவன்." அம்மா விம்மினாள். நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு பிழைக்கப் போகிறேன் என்று அந்த நேரத்தில் எழுந்து எப்படிச் சொல்வது? ஜெபத்தில் சொல்கிற சொல்தானே என்று விட்டுவிட்டேன். ஐயா வெறும் சொல்லாக எதையும் சொல்வதில்லை என்று தெரிந்திருந்தும் விட்டுவிட்டேன்.

4

இங்கே வந்து ஒரு பெரிய அங்காடியின் குளிர்கிடங்கில் வேலை. விடியற்காலையில் போய் மத்தியானம் திரும்பினால் உடம்பு வேறு யாருடையதோ போல இருக்கும். முதல் இரண்டு வருடம் மொழி. கல்லூரியில் படித்த பிரெஞ்சு இங்கே யாரும் பேசாத பிரெஞ்சு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. கிடங்கில் என் மேலாளரிடம், கல்யாணப் பத்திரிகையில் எழுதுவதுபோல அவ்வளவு மரியாதையாக, "தாங்கள் பெட்டியை நகர்த்த அருள்கூர்வீர்களா" என்று கேட்டிருக்கிறேன். ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

குடியிருப்பு அட்டைக்காக அரசு அலுவலகத்தில் வரிசை. அங்கே ஒரு நேர்முகம். நான் இந்த நாட்டோடு கலந்துவிட்டேனா என்று பார்ப்பதற்காக. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் அன்பாகத்தான் கேட்டாள்: "ஏதாவது சங்கத்திலோ மதக் குழுவிலோ இருக்கிறீர்களா?" இங்கே சின்ன ஜெபக் குழு என்றால் ஏதோ ரகசியக் கூட்டம் என்று சந்தேகப்படுவார்கள் என்று யாரோ எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். "இல்லை, மதாம்" என்றேன். "எதிலும் இல்லையா?" என்று மறுபடி கேட்டாள். "எதிலும் இல்லை." அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். அன்று வெள்ளிக்கிழமை. வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்து, ஊரில் இப்போது சாயங்காலம், அம்மா உபவாசம் முடித்துக் கஞ்சி குடித்திருப்பாள் என்று நினைத்தேன். யாருக்காக உபவாசம் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

இந்தப் பெரிய சபைக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. பேருந்தில் போகும்போது பலகையைப் பார்த்து நானே போனேன். முதல் நாளே பிடித்துவிட்டது. ஏன் என்று உண்மையைச் சொல்கிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியவில்லை. கடைசி வரிசையில் உட்காரலாம். பாதியில் எழுந்து போகலாம். மூன்று வாரம் போகாமல் இருந்தாலும் வாசலில் ஆள் வராது. நல்ல இசை, நல்ல பிரசங்கம், வெப்பமான அறை. வாரம் முழுவதும் குளிரில் நிற்கிறவனுக்கு அந்த வெப்பமே பாதி ஆசீர்வாதம். சின்ன சபையில் வளர்ந்தவனுக்குப் பெரிய சபை ஒரு விடுமுறை மாதிரி. அந்த விடுமுறையிலிருந்து நான் திரும்பவே இல்லை.

ஊருக்குப் போன் செய்வேன். கார்டு வாங்கி, எண்ணைச் சுரண்டி, அம்மாவோடு பேசிவிட்டு, சில ஞாயிறுகளில் ஐயாவோடும் பேசுவேன். "தம்பி, அங்க ஜெபம் நடக்குதா?" என்பார். "நடக்குது ஐயா." சாப்பாட்டுக்கு முன் நான் முணுமுணுப்பதை நினைத்துக்கொண்டு சொல்வேன். அந்த முணுமுணுப்பும் எந்த அளவுக்கு வந்துவிட்டது என்றால், என் மகள் அனாயிஸ் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "பப்பா, முடிஞ்சிதா?" என்று பிரெஞ்சில் கேட்பாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் பிரெஞ்சில்தான். "ஊக்கமா இருப்பா. நாங்க வுடாம ஜெபிக்கறோம்" என்று ஐயா போனை வைப்பார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அவர் ஒரு ஜெபம் சொல்வார். நான் ஆமென் போடுவேன். கார்டில் காசு தீரும் குரல் இடையில் வரும்.

5

போன வருடம் ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். வீராம்பட்டினத்து அம்மன் கோயில் தேர் முடிந்திருந்த நேரம். சபை வாசலில் கிளியம்மா அக்காதான் முதலில் பார்த்தாள். அன்று ஒரு நாள் மட்டும் ஐயா அவளையும் வரச் சொல்லியிருந்தாராம். "என்னாபா குமாரு, தேருக்கு வந்தியா, சபைக்கு வந்தியா?" என்று கேட்டுவிட்டு அனாயிசின் கன்னத்தைக் கிள்ளினாள். குழந்தை என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்தது. மீன் வாசம்.

அப்புறம்தான் பலகையைப் பார்த்தேன். புதுசாக எழுதியிருந்தார்கள். நீலத்தில் சபைப் பெயர். அதற்குக் கீழே மஞ்சளில்:

கிளைகள்: வீராம்பட்டினம், பிரான்ஸ்.

ஸ்டெல்லா நின்றுவிட்டாள். "உங்க சபையே ஒரு ஷெட்டு. அதுக்கு பாரீஸ்ல பிராஞ்சா? யாரு நடத்தறா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீயா?" என்றாள். சிரிப்பு அவளுக்குப் பாதியில் நின்றது.

அன்று ஆராதனை முடிந்தும் யாரையும் ஐயா போகவிடவில்லை. விஷயம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொட்டகை இருந்த மனையைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். கார்த்திகைக்குள் காலி செய்ய வேண்டும். புதுச்சேரியிலேயே உப்பளம் பகுதியில் ஒரு பெரிய சபை இருக்கிறது. எங்கள் சபையைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள அவர்கள் முன்வந்திருந்தார்கள். வேறு ஒரு கொட்டகை பார்த்துத் தனியாகவே இருப்பதா, அவர்களோடு சேர்ந்துவிடுவதா என்று அன்று முடிவு செய்ய வேண்டும். உப்பளத்திலிருந்து பேச வந்திருந்தவர் பிரதர் ஜெயசீலன். என் வயதுதான் இருக்கும். சட்டையில் மடிப்புக் கலையாமல், ஆனால் தயங்காமல் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, உங்கள முழுங்க நான் வரல. ஒண்ணா நிக்கலாம்னு வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். "உங்க புள்ளைங்களுக்கு தனியா வகுப்பு இல்ல. எங்ககிட்ட வயசு வாரியா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா வண்டி இருக்கு. பத்து பேர் கூடிப் பாடினா தெருவுல சத்தம்ங்கறான். ஆயிரம் பேர் பாடினா எம்.எல்.ஏ. வந்து மால போட்டுட்டுப் போறாரு. ஊரு நம்பளப் பாக்கணும்னா பெருசா இருக்கணும் ஐயா. பாக்காத வெளக்கு யாருக்கு வெளக்கு?"

"எம்.எல்.ஏ. வந்து இன்னா பிரதர், மீனா வாங்கப் போறாரு?" என்றாள் கிளியம்மா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசீலனும் சிரித்தார்.

"அக்கா, உங்களுக்கும் வண்டி அனுப்பறேன். வீராம்பட்டினத்துலேர்ந்து ஏத்திக்கினு வந்து எறக்கிவுட்ருவாங்க."

"கூடைய எங்க வப்பேன்? உங்க ஏசி ஹால்லயா?"

ஆனால் சிரித்தவர்களின் முகங்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேருக்கு ஆசை வந்திருந்தது. பிள்ளை உள்ள பெண்கள் வகுப்பை நினைத்தார்கள். வயசானவர்கள் நாற்காலியை நினைத்தார்கள். அது தப்பென்று நான் எப்படிச் சொல்வேன்?

ஐயா எழுந்தார். "பிரதர், நீங்க சொல்றது எல்லாம் சரி. நாங்க பெரிய சபை இல்ல. ஆனா தாய் சபை. தாய் போயி இன்னொரு வூட்ல குடியிருந்தா புள்ளைங்க எந்த வூட்டுக்கு வரும்? வீராம்பட்டினத்துல ஒண்ணு இருக்கு. கடலத் தாண்டி பிரான்ஸ்ல ஒண்ணு இருக்கு. நாப்பது பேருதான். ஆனா அனுப்பற சபை. அனுப்பற சபைய கலைக்கக்கூடாது." என் தோளில் கைவைத்தார். "இதோ, பிரான்ஸ் ஊழியக்காரரே வந்திருக்காரு. சொல்லுபா."

ஜெயசீலன் உண்மையான சந்தோஷத்தோடு என் பக்கம் திரும்பினார். "ஸ்தோத்திரம் பிரதர். பாரீஸ்ல எந்த ஏரியா? எங்க சபைக் குடும்பம் ரெண்டு மூணு அங்க இருக்கு. சொன்னீங்கன்னா வந்து கலந்துக்குவாங்க. எவ்ளோ பேர் கூடறீங்க?"

அம்மா முன்வரிசையில் இருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த சால்வையை அந்த வெயிலில் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளை முழங்கையால் இடித்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க" என்றேன். "அங்க சபைன்னு ஒண்ணு இல்ல. நான் மட்டும்தான்." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அம்மாவின் பார்வையைத் தாங்க முடியாமல் மேலே சொன்னேன்: "நானே அங்க ஒரு பெரிய சபைக்குத்தான் போறேன். ஆயிரம் பேரு."

ஜெயசீலன் என்னைக் குத்த நினைத்துச் சொல்லவில்லை. கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி, மெதுவாகத்தான் சொன்னார்: "பாத்தீங்களா ஐயா. பிரதரே பெரிய சபைக்குத்தான் போறாரு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. படித்த பிள்ளை, வெளிநாடு பார்த்த பிள்ளை, ஐயாவே கைவைத்து அனுப்பிய பிள்ளை, அவனே எங்கே போகிறான் என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

ஐயா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அத்தனை பேர் முன்னாலும் என்னிடம் சொன்னது இது: "தப்பு எங்களுதுபா. கைய வச்சி அனுப்பிச்சமே, எப்பிடி இருக்கேன்னு ஒரு ஆளு வந்து பாத்தமா? தனியா வுட்டுட்டோம் உன்ன."

6

அன்று நான் சொன்னது உண்மை. பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் நான் உண்மைக்காக உண்மை பேசவில்லை. அதுதான் உறுத்துகிறது. ஜெயசீலனின் ஆட்கள் பாரீசில் தேடி வந்துவிடுவார்களே என்ற பயம் ஒன்று. அதைவிட, இனிமேல் என்னை யாரும் ஊழியக்காரன் என்று சொல்ல மாட்டார்கள், வெள்ளிக்கிழமை வந்தால் மனசு குறுகுறுக்காது என்ற ஆசை ஒன்று. சுமையை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைத்தது, இறக்கினேன். அது ஐயாவின் கால்மேல் விழுந்தது.

வெளியே வந்தபோது கிளியம்மா அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பிடித்தாள். "நீ மட்டும்னு சொன்னியே, உம் பொண்டாட்டி இன்னா சவுதியிலயா இருக்கறா? இந்தப் புள்ள யாரு புள்ள? மூணு பேரு ஆச்சில்ல? எங்கூட்ல மூணு பேரோடதான் ஆரம்பிச்சேன். அதுல ஒருத்தி காது கேக்காதவ." ஸ்டெல்லா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, "நீ என்னக் கூப்டதே இல்ல" என்றாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாளா என்று தெரியாது. கூப்பிடவில்லை என்பது மட்டும் தெரியும்.

கார்த்திகையில் கொட்டகையைப் பிரித்தார்கள் என்று போனில் அம்மா சொன்னாள். தகரத்தை வீராம்பட்டினத்துக்கு எடுத்துப் போனார்கள். அக்காவும் அந்தப் பெண்களும் மட்டும் உப்பளத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற எல்லோரும் போனார்கள். அம்மாவும்.

"நல்லா கீதுபா அங்க" என்றாள் அம்மா. "தலைக்கு மேல ஃபேனு. முட்டி வலிக்கு சேரு. பாட்டெல்லாம் டிவியில ஓடுது." அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. திரையில் ஓடும் எழுத்தைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னாள். தை மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து சில வாரங்கள் போக முடியவில்லை. "யாராவது வந்து பாத்தாங்களாம்மா?" என்று கேட்டேன். "அவ்ளோ சனத்துல யாருக்குத் தெரியும்? அவங்கள குத்தம் சொல்லக் கூடாது" என்றாள். பிறகு, கேட்காமலேயே, "உனுக்கும் அங்க அப்பிடித்தானே?" என்றாள்.

பெரிய சபைகள் கெட்டவை என்று நான் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஜெயசீலன் சொன்ன வண்டி ஒரு பிரசவத்துக்குப் போய்க் காப்பாற்றியிருக்கிறது. இங்கே நான் போகும் சபை குளிர்காலத்தில் தெருவில் படுப்பவர்களுக்குச் சூப் கொடுக்கிறது. நாற்பது பேரால் அது முடியாது. பெரியதால் தூரம்வரை கை நீட்ட முடியும். சின்னதால் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியும். எது ஊழியம் என்று கேட்டால் எனக்கு இன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, நான் இரண்டிலிருந்தும் வாங்கிக்கொண்டு, இரண்டிலும் ஆள் இல்லாமல் இருந்தேன் என்பதுதான்.

7

ஆண்டு விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் கார்டு வாங்கப் போனேன். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு ஐயாவுக்கு நான் போன் செய்யவே இல்லை.

ஊரில் சாயங்காலம். பாஸ்டரம்மா எடுத்தாள். "யாரு, குமாரா? இரு இரு" என்று அவள் போனை எடுத்துக்கொண்டு ஓடுவது கேட்டது.

"எப்பிடி கீறபா? பாப்பா எப்பிடி கீது?" ஐயாவின் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"நல்லா இருக்கோம் ஐயா. உப்பளத்துல எப்பிடி இருக்கு?"

"கொற ஒண்ணும் இல்ல. மொத வரிசையில சேர் போட்டிருக்காங்க. பின்னால பேரு ஒட்டியிருக்காங்க. தண்ணி பாட்டில் வக்கறாங்க." சிரித்தார். "பேசத்தான் கூப்புடல. கூப்புடுவாங்க. நெறைய பேரு கீறாங்கல்ல, மொற வரணும்."

"நம்ப ஆளுங்க?"

"அங்கங்க ஒக்காந்திருக்காங்க. கூட்டத்துல தேடணும். போன வாரம் பாதிப் பேரக் கண்டுபுடிச்சேன். மீதிப் பேரு வந்தாங்களா வல்லியான்னு தெரியல."

நான் எதையாவது சொல்ல வேண்டும் என்று, "வெள்ளிக்கெழம உபவாசம் உண்டா ஐயா?" என்றேன்.

"வூட்லதான். மொதல்ல பாஸ்டரம்மாவும் நானும் இருந்தோம். அவளுக்கு சக்கரயாம், பட்டினி கெடக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. இப்ப நான் மட்டும்தான்."

"எதுக்காக ஐயா?"

"எதுக்காகன்னா? பிரான்சுக்குத்தான். அத யாரும் நிறுத்தச் சொல்லலியே."

அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அனாயிஸ் மேசையில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போன் செய்தேன். ஆனால் அவர் கேட்டுவிட்டாரே முன்னாலேயே, அத்தனை பேர் முன்னால், என்னிடம். அதற்கு மேல் நான் எதைக் கேட்பது? வழக்கப்படி, "ஜெபம் பண்ணுங்க ஐயா, வச்சிடறேன்" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு நீ பண்ணுபா" என்றார். "எனக்காகப் பண்ணு. ரொம்ப நாளாச்சி, எனக்காக ஒருத்தர் பண்ணி."

இத்தனை வருடத்தில் நான் யாருக்காகவும் வாய்விட்டு ஜெபித்ததில்லை. எப்போதும் ஆமென் போடுகிறவன். ஸ்டெல்லா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். குழந்தை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தது.

"பிதாவே" என்றேன். அடுத்த சொல் கிடைக்கவில்லை.

"ம்" என்றார் ஐயா, அந்தப் பக்கத்திலிருந்து. காத்திருந்தார்.